ஹனோயிலிருந்து சைகோன் வரை சைக்கிளில்: எந்த மாதம் புறப்படுவது?

வியட்நாமில் ஹனோயிலிருந்து, சைகோன் என்று இன்றும் அழைக்கப்படும் ஹோ சி மின் நகரம் வரை சைக்கிளில் செல்ல ஐந்து வார விடுப்பு கிடைக்கும் என்றும், அதை நவம்பரிலோ பிப்ரவரி இறுதியிலோ ஜூனிலோ எடுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெப்பமண்டல நாட்டுக்கு மழை இல்லாத மாதமே நல்ல மாதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி கடைசி வாரத்தில் ஹனோயில் தொடங்கித் தெற்கு நோக்கி வாருங்கள். நவம்பர்தான் வாய்க்கும் என்றால், நாட்டின் நடுப்பகுதியில் கடற்கரையை விட்டு மேற்கே பீடபூமி வழியாக இறங்குங்கள். ஜூனில் முழு நீளத்தையும் ஓட்ட முயல வேண்டாம்.

மழை இல்லாத மாதத்தைத் தேடுவது ஓர் ஊரில் தங்கியிருப்பவருக்குப் பொருந்தும். நாளுக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் நகர்ந்துகொண்டே இருப்பவருக்குப் பொருந்தாது. வியட்நாம் ஏறக்குறைய எட்டரை பாகை அட்சத்திலிருந்து இருபத்துமூன்றரை பாகை வரை நீண்டு கிடக்கிறது. முழுக்கவும் கடகரேகைக்குத் தெற்கே இருந்தாலும், அதற்குள் மூன்று தனித்தனி மழைக்காலங்கள் இருக்கின்றன. ஹனோயைச் சுற்றிய வடக்கில் மே முதல் செப்டம்பர் வரை மழை. ஹுவே, டா நாங் ஆகிய நடுப்பகுதிக் கடற்கரையில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழை. சைகோனிலும் மெகாங் கழிமுகத்திலும் மே முதல் அக்டோபர், நவம்பர் வரை மழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை எங்கும் பெருமழை இல்லைதான். ஆனால் அந்த நான்கு மாதங்களின் தொடக்கத்தில் வடக்கு குளிரில் நடுங்குகிறது, முடிவில் தெற்கு வெயிலில் காய்கிறது. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் நீங்கள் போய்ச் சேரும் வாரத்தில் அங்கே நிலைமை எப்படி இருக்கும் என்பதை வரிசையாகப் பார்த்து, அந்த வரிசை எப்போது நன்றாக அமைகிறதோ அப்போது புறப்பட வேண்டும்.

இந்த வரிசை ஏன் இப்படி அமைந்தது என்பதைத் தமிழ்நாட்டுக்காரர் புரிந்துகொள்வது எளிது, ஏனென்றால் ஏறக்குறைய இதே ஏற்பாடு நம் ஊரிலும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைக் கேரளத்தில் கறந்துவிட்டு நமக்கு வறண்ட காற்றை அனுப்புகிறது. பிறகு வடகிழக்குக் காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கரையில் கொட்டுகிறது. வியட்நாமில் லாவோஸ் எல்லையை ஒட்டி வடக்குத் தெற்காக ஓடும் ட்ருவோங் சோன் மலைத்தொடர் அதே வேலையைச் செய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவும் பீடபூமியும் நனைய, கிழக்குக் கரை காய்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தென்சீனக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலையில் மோதி, ஹுவேயிலும் அதற்குத் தெற்கேயும் அடைமழையாகிறது. மழைக்காலத்தில் மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

அடுத்து, மழை அளவு அட்டவணைகளைப் படிக்கும் முறை. எத்தனை மில்லிமீட்டர் என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எந்த வகை மழை என்பதுதான் சைக்கிள்காரருக்கு முக்கியம். தெற்கில் ஜூலை மாத மழையின் அளவைத் தாளில் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் மழை. விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுகிறவர் அதில் அநேகமாக நனையவே மாட்டார். வடக்கில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெய்வது இதற்கு நேர்மாறானது. அளவு மிகக் குறைவு; ஆனால் தூறல் நாள் முழுவதும் விடாமல் பனிப்புகை போல இறங்கிக்கொண்டே இருக்கும், துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. நடுப்பகுதியின் அக்டோபர், நவம்பர் மழையோ இரண்டின் தொல்லையும் சேர்ந்தது: அளவும் பெரிது, நாள் கணக்கில் நிற்கவும் நிற்காது.

ஹுவேயில் ஆண்டுக்குச் சுமார் 2,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர், நவம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் விழுகிறது. போதாக்குறைக்கு, புயல்கள் கரையேறும் இடம் ஆண்டின் போக்கில் வடக்கிலிருந்து தெற்காக நகர்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வடக்கும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை நடுப்பகுதியும் அதிகம் அடிபடும். 2024 செப்டம்பர் 7ஆம் தேதி யாகி சூறாவளி வடகரையைத் தாக்கியதும், 2020 அக்டோபரில் நடுப்பகுதி மாகாணங்கள் அடுத்தடுத்த புயல்களாலும் வெள்ளத்தாலும் நிலச்சரிவாலும் சிதைந்ததும் இந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. தாழ்ந்த நெல்வயல்களுக்கு நடுவே போகும் நெடுஞ்சாலை நீரில் மூழ்கிவிட்டால் சைக்கிளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பிற மாத மழை சலிப்பைத் தரும்; இந்த மழை பயணத்தையே நிறுத்திவிடும். எனவே, விலக்க வேண்டிய ஒரே ஒரு சேர்க்கையைச் சொல்லுங்கள் என்றால், நடுப்பகுதிக் கடற்கரையையும் அக்டோபர், நவம்பரையும்தான் சொல்வேன்.

இதைத் தவிர்த்துவிட்டால் மழையைவிட வெப்பத்தைத்தான் அதிகம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பயணிகள் பலரும் முழங்கால் அளவு மழைச்சட்டையோடு மழைக்குத் தயாராகிவிட்டு, புழுக்கத்துக்கு எந்த ஏற்பாடும் இல்லாமல் வருகிறார்கள். உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால்; காற்றில் ஈரம் நிரம்பிவிட்டால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. இதை அளக்க வெப்பநிலையைவிட, வானிலைச் செயலிகள் காட்டும் பனிநிலை என்ற எண் உதவும். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் பனியாகப் படியுமோ அதுவே பனிநிலை. அது 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் பகலெல்லாம் மிதிக்கலாம். 24ஐத் தாண்டினால் அதிகாலையிலேயே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், ஏற்றத்தில் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துபோகும்போது எதிர்க்காற்றும் இல்லாமல் மூச்சு முட்டும். ஹனோயில் கோடை முழுவதும் இந்த எண் 25ஐ ஒட்டியே இருக்கும். 34 டிகிரிதானே, சென்னையில் பார்க்காத வெயிலா என்று நினைப்பவர்கள் அங்கேதான் படுத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட நாளில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்து அதை ஈடுகட்ட முடியாது, உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் வேண்டும்.

மூன்றாவது காற்று. பருவம் என்றாலே மழை என்று பழகிவிட்ட நமக்கு, அது முதலில் காற்றின் திசை என்பது மறந்துபோகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை வியட்நாம் கடற்கரையில் வடகிழக்கிலிருந்து வீசுவது, நாம் வாடை என்று சொல்லும் அதே காற்றோட்டத்தின் இன்னொரு கிளைதான். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஹனோயிலிருந்து டா நாங் வரை கரை தென்கிழக்காகச் சாய்ந்து போவதால் அந்தக் காற்று பக்கவாட்டில் படும். டா நாங்குக்குத் தெற்கே கரை மெல்லத் தெற்கு நோக்கித் திரும்பும்போது அது இடது தோளுக்குப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கும். பான் ராங்குக்குத் தெற்கே கரை தென்மேற்காக வளைந்துவிடுவதால், நேர் முதுகுக்குப் பின்னாலிருந்தே வீசும். இதே பாதையில் அதே மாதங்களில் வடக்கு நோக்கிப் போகிறவர்கள் தலையைக் குனிந்தபடி மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மல்லாடுவதை பான் ராங் சாலையில் காணலாம். நல்ல மாதத்தைத் தேர்ந்தெடுத்தும் தவறான திசையில் போனால் பாதிப் பலன் போய்விடும்.

பக்கக்காற்றைப் பற்றி ஒரு சிறு விளக்கம் தேவை. வியட்நாமில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், காற்றும் இடப்பக்கம், உங்களை முந்தும் வண்டிகளும் இடப்பக்கம். ஆகவே காற்று உங்களைப் போக்குவரத்துக்குள் தள்ளாமல் சாலையோரத்தை நோக்கித் தள்ளும், அதுவரை நல்லதுதான். ஆனால் காற்றுக்கு ஈடுகொடுக்க நீங்கள் சற்றே இடப்பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்போது ஒரு கன்டெய்னர் லாரி முந்தினால், அதன் உடல் காற்றை ஒரு கணம் முழுதாக மறைத்துவிடும். தாங்கிக்கொண்டிருந்த காற்று இல்லாமல் சைக்கிள் லாரியை நோக்கியே சரியும், லாரி கடந்ததும் காற்று மறுபடி அறைந்து வலப்பக்கம் வீசும். பின்னால் லாரிச் சத்தம் கேட்டவுடன் கைப்பிடியைத் தாழப் பிடித்து, சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓர் அரை மீட்டர் இடம் வைத்துக்கொள்வது தேசிய நெடுஞ்சாலை 1இல் கட்டாயம் பழக வேண்டிய ஒன்று.

இனிப் பிப்ரவரி இறுதித் திட்டத்துக்கு வருகிறேன். வடக்கு தெற்கு ரயில் பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். சாலைக் கணக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஐந்து வாரத்தில் ஏழு நாள் ஓய்வுக்கு விட்டால், நாளுக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் போதும். முதல் வாரம் ஹனோயிலிருந்து நிங் பின், தான் ஹோவா வழியாக வின் நகரம் வரை. இந்த வாரத்துக்குத்தான் தூறல் விதித்திருக்கிறது. பதினாறு பதினேழு டிகிரி குளிரில் வானம் சாம்பல் நிறமாகவே இருக்கும். குளிர் அலை வந்தால் இன்னும் இறங்கும். வெப்பமண்டலம் என்று நம்பி அரைக்கால் சட்டைகளோடு மட்டும் வந்து இறங்கினால் முதல் நாளே கடைத்தெருவில் கம்பளிச் சட்டை தேட வேண்டியிருக்கும். பிம் சோன் பக்கம் சிமென்ட் ஆலைகளும் அவற்றின் லாரிகளும் இருப்பதால், தூறலும் தூசியும் கலந்து சங்கிலியில் சாம்பல் பசையாகப் படியும். ரிம் பிரேக் வைத்திருப்பவரின் பிரேக் கட்டைகள் இந்தப் பசையில் வெகு சீக்கிரம் தேயும். முழு நீள மட்கார்டும் ஒரு பழைய துணியும் இருந்தால் தினமும் மாலையில் ஐந்து நிமிடம் துடைத்துச் சமாளிக்கலாம். உடம்புக்கோ இந்த வாரம் ஒரு வரம்: புழுக்கம் இல்லாமல் கால் பழகிக்கொள்ளும்.

வின் தாண்டி டோங் ஹோய், ஹுவே நோக்கிப் போகப் போக மேகம் மெல்லக் கலையும். மார்ச் இரண்டாம் வாரம் ஹாய் வான் கணவாயை அடைவீர்கள். 496 மீட்டர் உயரமே உள்ள இந்தக் கணவாய்தான் இந்தப் பயணத்தின் உண்மையான பருவநிலை எல்லை. வடக்கிலிருந்து இறங்கும் குளிர்க்காற்று பெரும்பாலும் இந்த மலைமுகட்டோடு நின்றுவிடுகிறது. உச்சியில் 1826இல் மன்னர் மின் மாங் காலத்தில் கட்டப்பட்ட கோட்டைவாயில் இருக்கிறது. மார்ச் காலையில் அதன் வடபுறம் மேகம் மூடியிருக்க, தென்புறம் டா நாங் விரிகுடா பளிச்சென்று தெரிவது அடிக்கடி நடப்பதுதான். ஏறும்போது போட்ட மேல்சட்டையை அந்த வாயிலடியில் கழற்றி மூட்டையில் வைத்தால் சைகோன் வரை அதற்கு அநேகமாக வேலை இருக்காது. 2005இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு லாரிகளும் பேருந்துகளும் பெரும்பாலும் அதற்குள் போய்விடுகின்றன. சுரங்கத்துக்குள் சைக்கிளை அனுமதிப்பதில்லை என்பதால் மலைப்பாதை நமக்கும் சுற்றுலா மோட்டார் சைக்கிள்களுக்குமாக ஓய்ந்து கிடக்கிறது.

அதன் பிறகு வரும் இரண்டரை வாரம்தான் நான் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம். மார்ச்சில் டா நாங்கில் பகல் உச்ச வெப்பம் 27, 28 டிகிரி, நா ட்ராங்கில் 30ஐ ஒட்டி. இரண்டிடத்திலும் மழை சொற்பம். காற்று வலுக் குறைந்திருந்தாலும் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஹோய் ஆன், குவாங் ஙாய், குய் ஞோன், நா ட்ராங் வரை நெடுஞ்சாலையை விட்டுக் கடலோரக் கிளைச்சாலைகளில் பல நாள் ஓட்டலாம். பான் ராங் பகுதி வியட்நாமிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் இடம். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான். உப்பளமும் ஆட்டு மந்தையும் முள்புதரும் காற்றாலையுமாகத் தூத்துக்குடிப் பக்கம் வந்துவிட்டது போலிருக்கும். நிழல் அரிது என்பதால் இங்கே மட்டும் தண்ணீரைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் சைகோனை நெருங்கும்போது வெப்பம் 34, 35 டிகிரிக்கு ஏறியிருக்கும்; அந்தக் கடைசி மூன்று நாளும் ஐந்து மணிக்கே எழுந்து பத்தரை மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுவது நல்லது. ஏப்ரல் அங்கே ஆண்டின் மிகக் கொடிய மாதம். புறப்பாட்டை மார்ச் நடுப்பகுதிக்குத் தள்ளிப்போட்டால் வடக்கின் தூறலிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது, தெற்கின் ஏப்ரலிலும் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

பிப்ரவரி தொடக்கத்தை நான் சொல்லாததற்குக் காரணம் தெத் என்னும் சந்திரப் புத்தாண்டு. 2026இல் அது பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. அதற்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒரு வாரம் நாடே சொந்த ஊருக்குப் போகிறது. ரயிலில் இடம் கிடைக்காது. சிற்றூர்களில் சாலையோர விடுதியும் சாப்பாட்டுக் கடையும் பூட்டியிருக்கும். திறந்திருக்கும் இடத்தில் விலை ஏறியிருக்கும். வானிலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பூட்டிய ஊர்களின் வழியே பசியோடு மிதிப்பதில் பொருளில்லை. தெத் முடிந்து ஐந்தாறு நாள் கழித்துப் புறப்படுங்கள்.

நவம்பர் என்றால் திட்டமே வேறு. அம்மாதத்தில் வடக்கு ஆண்டிலேயே மிக அழகாக இருக்கும்: மழை ஓய்ந்து, புழுக்கம் அடங்கி, தூறல் இன்னும் தொடங்காத இடைவெளி அது. ஹனோயிலிருந்து வின் வரை சைக்கிளில் வந்து, அங்கிருந்து டா நாங் வரை ரயிலில் ஏறிவிடுங்கள். ஹுவேயின் அடைமழை சன்னலுக்கு வெளியே போய்விடும். சைக்கிளைச் சரக்காகப் பதிவு செய்ய வேண்டும், அது வேறொரு வண்டியில் வரக்கூடும் என்பதால் ஒரு நாள் கையிருப்பில் வையுங்கள். டா நாங்கிலிருந்து காம் டுக் வழியாக மேலே ஏறும் மூன்று நான்கு நாளும் நனைய நேரும். மண்சரிவுச் செய்தி வந்தால் அந்தப் பகுதியையும் பேருந்தில் தாண்டிவிடுங்கள். லோ சோ கணவாயைக் கடந்து கோன் தும் பக்கம் இறங்கியதும், மலைக்கு மறுபக்கம் வந்துவிட்டதை வானமே சொல்லும். பிளெய்கு, புவோன் மா துவோட் பீடபூமியில் அப்போது வறட்சிப் பருவம் தொடங்கி, காப்பி அறுவடை நடந்துகொண்டிருக்கும். வீட்டு முற்றங்களிலும் சாலையோரத்திலும் தார்ப்பாயில் செங்காய்களைப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். கரையில் வெள்ளம் ஓடும் வாரத்தில் இங்கே காப்பி காய்கிறது என்பதைவிடப் பெரிய வானிலை அறிக்கை வேண்டியதில்லை. அங்கிருந்து 1,500 மீட்டர் உயரத்திலுள்ள டா லாட் வழியாகச் சைகோனுக்கு இறங்கலாம். பகல் நேரம் மட்டும் குறைவு: டிசம்பர் நெருங்கும்போது ஹனோயில் மாலை ஐந்தேகாலுக்கே கதிரவன் மறைந்துவிடும்.

ஜூனை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் மழை அல்ல. நே ஆன் முதல் குவாங் ட்ரி வரையிலான பகுதியில் மே முதல் ஆகஸ்ட் வரை, மலையைத் தாண்டி ஈரத்தை இழந்து சூடேறிய மேற்குக் காற்று இறங்குகிறது. உள்ளூரில் அதை லாவோஸ் காற்று என்கிறார்கள். நே ஆன் மாகாணத்தின் துவோங் டுவோங்கில் 2023 மே 7ஆம் தேதி பதிவான 44.2 டிகிரி வெப்பத்தின் பின்னணியிலும் இந்தக் காற்று இருந்தது. அதற்கு வடக்கே புழுக்கம், அங்கே அனல், தெற்கே இடிமழை. பள்ளி விடுமுறையால் ஜூனைத் தவிர வேறு வழியில்லை என்றால், டா நாங்கிலிருந்து நா ட்ராங் வரை கடலோரமாக மட்டும், விடிவதற்கு முன் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்தும் ஒழுங்கோடு இரண்டு வாரம் போய்வரலாம். மீதி மூன்று வாரத்தை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சராசரி ஆண்டுகளின் கணக்கு. பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா ஆண்டுகளில் நாட்டின் நடுப்பகுதியில் மழை வலுத்து, டிசம்பர் தாண்டியும் நீளலாம். 2020 வெள்ளமும் லா நினா நிலவியபோது வந்ததுதான். அதே கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் மழை குறைந்து, தெற்கின் வெப்பம் முன்கூட்டியே ஏறும். டிசம்பரில் வெளியாகும் பருவ முன்னறிவிப்பில் எல் நினோ என்று கண்டால், விடுப்பை ஒரு வாரம் முன்னே நகர்த்த முடியுமா என்று பாருங்கள், தெத் குறுக்கிடாத அளவுக்கு.

கடைசியாக, விமானச் சீட்டு. சைகோனுக்கு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அங்கே இறங்கி வடக்கு நோக்கி மிதிக்கத் தொடங்கிவிடாதீர்கள். சைகோனில் இறங்கினாலும் சைக்கிளைப் பெட்டியிலிருந்து பிரிக்காமலேயே உள்நாட்டு விமானத்திலோ, ஒன்றரை நாள் ஓடும் ரயிலிலோ ஹனோய் போய்விட்டு, அங்கே சக்கரத்தைப் பூட்டுங்கள். மின்விசா 90 நாள் வரை கிடைப்பதால் அந்த இரண்டு நாள் கூடுதல் செலவு விசாக் கணக்கை எவ்விதத்திலும் பாதிக்காது. பான் ராங் சாலையில் காற்று எந்தப் பக்கம் இருக்கும் என்பதை மட்டும் அது மாற்றிவிடும்.